எல்லா ஊருக்கும் ஒரே விதி

தனப்பிரியா அன்றைக்கும் முந்தின பஸ்ஸுக்கே போய்விட்டிருந்தாள்.

மைதிலி குளித்துவிட்டு வந்தபோது சமையல் மேடையில் ஒரு சாப்பாட்டு டப்பாதான் இருந்தது. மாமியார் காளியாத்தாள் அடுப்பைப் பார்த்தபடியே, நாத்தனாரும் நீயும் ஒரே ஆபீசுக்குத்தானே போகிறீர்கள், எதற்கு ரெண்டு பஸ் என்று கேட்டாள். பிரியாவுக்கு இந்த வாரம் காலையிலேயே வேலை இருக்கிறது என்று மைதிலி சமாளித்தாள். காளியாத்தாள் நம்பவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை. தை மாதத்திலிருந்து அந்த வீட்டில் மகளைப் பற்றிய கேள்வியை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

தையில்தான் தனப்பிரியா எருமப்பட்டியில் இருக்கிற புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு புதுச்சத்திரத்துக்கு வந்து இறங்கினாள். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. தன் அப்பா இறந்தபின் கோழிப்பண்ணையைத் தலையில் ஏற்றிக்கொண்ட மோகன்குமார் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்து, கடைசியில் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாத ஆளாகிவிட்டான். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று அவள் சொன்னதற்கு, 'சரி' என்றான். அவ்வளவுதான். பிறகு அவன் வந்து கூப்பிடவில்லை, அவளும் திரும்பவில்லை. மாப்பிள்ளை வந்து கூப்பிடாமல் இங்கிருந்து யாரும் எருமப்பட்டிக்குப் போகவும் கூடாது, போன் பண்ணவும் கூடாது என்று தனப்பிரியாவின் அப்பா சின்னண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குள் அடைந்து கிடந்தவளை வெளியே இழுத்து, சேலத்தில் தான் வேலை பார்க்கும் கம்பெனியில் சேர்த்துவிட்டது அண்ணன் மனைவி மைதிலிதான்.

கோழிப்பண்ணைகளுக்கு மின்விசிறி, குளிர்விக்கும் பேட், அவற்றை ஓட்டும் கன்ட்ரோலர் எல்லாம் பொருத்தி, பழுதும் பார்த்துக் கொடுக்கிற கம்பெனி அது. பண்ணைக்காரர் சொல்கிற ஒவ்வொரு புகாரும் கம்ப்யூட்டரில் ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். ஒவ்வொரு ஊர் சர்வீஸ் குழுவுக்கும் தனியாக ஒரு ப்ராஜெக்ட். அந்த மென்பொருள் மொத்தத்தையும் கட்டி மேய்ப்பது மைதிலியின் வேலை. எருமப்பட்டி ப்ராஜெக்ட்டுக்கு வருகிற புகார்களைப் போனில் கவனிப்பது தனப்பிரியாவின் வேலை. அந்தப் பக்கத்துப் பண்ணைகள் தெரிந்தவள் என்று கம்பெனி அதைக் கொடுத்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவள் சொல்லவில்லை.

அண்ணியும் நாத்தனாரும் முகம் திருப்பிக்கொண்டது வீட்டு விஷயத்துக்காக அல்ல. ஒரு ரூலுக்காக.

புகார் வந்தால் யார் போனுக்குத் தகவல் போக வேண்டும், தாமதமானால் யாரை உசுப்ப வேண்டும் என்பதையெல்லாம் மனிதர் கை படாமல் மென்பொருளே செய்யும்படி எழுதி வைப்பதைத்தான் அங்கே ரூல் என்பார்கள். முதலில் நாமக்கல்லுக்கு மட்டும் மைதிலி எழுதினாள். அதை ராசிபுரம் காப்பி அடித்தது. ராசிபுரத்தைப் பார்த்து ஆட்டையாம்பட்டி. ஒவ்வொரு ஊரும் தன் வசதிக்கு ஒரு வரியை மாற்றிக்கொண்டது. கம்பெனி பல்லடம், உடுமலை, ஆந்திரா என்று வளர, ப்ராஜெக்ட்டுகள் நாற்பதைத் தாண்டின. ரூல்கள் எத்தனை என்று மைதிலிக்கே தெரியாமல் போயிற்று. ஒரு டெக்னீஷியனின் நம்பர் மாறினால், ஒவ்வொரு ப்ராஜெக்ட்டாகத் திறந்து மாற்ற வேண்டும். போன மாதம் ஒன்று விட்டுப்போய், ஆட்டையாம்பட்டிப் புகார்கள் எல்லாம் வேலையை விட்டு நின்றுவிட்ட ஒருவர் போனுக்கே போய்க்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகுதான் மேனேஜர் மதியழகன், எல்லா ஊருக்கும் ஒரே ரூல் எழுதச் சொன்னார். மைதிலிக்கும் அதுதான் ஆசை. பண்ணைக்காரரிடம் ஒரு விவரம் கேட்டு, மூன்று நாளாகியும் பதில் வராவிட்டால் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும் என்பது அதில் ஒரு பகுதி.

எருமப்பட்டியில் அந்த வழக்கம் கிடையாது. பதில் வராத டிக்கெட்டை மூடாமல், 'போன் பண்ணு' என்று தனக்கே நினைவூட்டல் வரும்படி தனப்பிரியா எழுதி வைத்திருந்தாள். போன் பேசாமல் யாராவது மூடினாலும், அது தானாகத் திரும்பத் திறந்துகொள்ளும்.

போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள்.

"எங்க பக்கத்து ஆளுங்க மெசேஜைத் தொறந்தே பாக்க மாட்டாங்க நங்கையா. நாம கூப்பிட்டாத்தான் பேசுவாங்க. எருமப்பட்டிய மட்டும் விட்ருங்களேன்." அண்ணியை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"எருமப்பட்டிய விட்டா நாளைக்கு ஆட்டையாம்பட்டி கேக்கும், பல்லடம் கேக்கும். பழையபடி ஆளுக்கொரு ரூலு ஆயிரும் பிரியா."

"பதில் வரலைன்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமாங்க?"

"கம்ப்யூட்டருக்கு அப்படித்தான்" என்று மைதிலி சொல்லிவிட்டாள்.

தனப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கேட்டது டிக்கெட்டைப் பற்றி மட்டுமில்லை என்பது மைதிலிக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

தனப்பிரியா முந்தின பஸ்ஸுக்குப் போய்விட்ட அந்த நாள்தான் புது ரூலை ஓட விடுகிற நாளும். கணவன் ஜெகதீஸ்வரன் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிடும்போது, தங்கச்சியிடம் கொஞ்சம் பார்த்து நடந்துகொள் என்று மட்டும் சொன்னான். சித்திரை வெயில் காலையிலேயே தார் ரோட்டில் தகித்தது. சேலம் வரை மைதிலி ஒரு இடத்தில் உட்கார முடியாமல் பையைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தாள்.

மூன்று ப்ராஜெக்ட்டுகளில் சோதித்தாயிற்று. பிசகே இல்லை. இனி நாலைந்து ஊராகச் சேர்த்துக்கொண்டே போய், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பழைய ரூல்களை அணைக்கலாம் என்பது அவள் திட்டம்.

மதியழகனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மதியம் முதலாளி வருகிறார், மொத்தத்தையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டால் அவரிடம் முடிந்தது என்று சொல்லிவிடலாம் என்றார். மைதிலி ஒரு நிமிஷம் யோசித்தாள். அவள் மறுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கும் இது முடிந்து தொலைந்தால் போதும் என்று இருந்தது. 'எல்லா ப்ராஜெக்ட்டுகளும்' என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

மதியழகன் கை கொடுத்துவிட்டுப் போனார்.

டீ ஆறுவதற்குள், கீழ்த்தளத்தில் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு என்றில்லாமல் கூடம் முழுக்க ஒரே நேரத்தில் அடித்தன.

தனப்பிரியா படியேறி வந்தாள். ஒரு வாரத்தில் அவள் மைதிலியிடம் பேசிய முதல் பேச்சு அது.

"எங்காளுங்களுக்கு மெசேஜ் போய்க்கிட்டே இருக்குதுங்க நங்கையா. ஒரே டிக்கெட்டு மூடுது, தொறக்குது, மறுக்கா மூடுது. எதா இருந்தாலும் மொதல்ல நிறுத்துங்க."

மைதிலி திரையைத் திறந்ததும் புரிந்துபோயிற்று. புது ரூல், பதில் வராத எருமப்பட்டி டிக்கெட்டுகளை மூடுகிறது. போன் பேசாமல் மூடியிருக்கிறார்களே என்று தனப்பிரியாவின் பழைய ரூல் அவற்றைத் திறக்கிறது. திறந்ததைப் பார்த்துப் புது ரூல் மறுபடி மூடுகிறது. ஒவ்வொரு முறை மூடும்போதும் பண்ணைக்காரருக்கு ஒரு மெசேஜ். தனப்பிரியாவின் ரூல் நன்றாக இருக்கிறதென்று இன்னும் நாலைந்து ஊர்க்காரர்கள் சத்தமில்லாமல் காப்பி அடித்திருந்ததால், அங்கேயும் இதே கூத்து.

அவள் புது ரூலை அணைத்தாள். மெசேஜ்கள் நின்றன. ஆனால் திரையின் உச்சியில் சிவப்பாக ஒரு பட்டை வந்திருந்தது. ரூல்கள் மாதத்துக்கு இத்தனை முறைதான் ஓடலாம் என்று மென்பொருள் கம்பெனி ஒரு வரம்பு வைத்திருந்தது. அந்த மாதத்துக்கான வரம்பு மொத்தமும் அந்தக் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிட்டது. இனி எந்த ஊரிலும் எந்த ரூலும் ஓடாது.

பண்ணைக்குள் விசிறி நின்றால் டெக்னீஷியனின் போனை அலற விடுகிற ரூலும் அதில் ஒன்று.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மைதிலி உடனே மென்பொருள் கம்பெனிக்குப் போன் பண்ணினாள். ஆள் மாற்றி ஆளாகப் பேசி, மதியம் நெருங்கும்போதுதான், வரம்பைக் கூட்டித் தரலாம், நாளைக்குள் செய்து விடுகிறோம் என்றார்கள். நாளை வரை கோழி தாங்காது என்று அவள் சொன்னது அந்தப் பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை.

அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய், கூடத்தின் நடுவில் நின்று எல்லோரிடமும் சொன்னாள். தவறு என்னுடையது. மொத்த ஊரையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். ரூல் எதுவும் வேலை செய்யாது. அதனால் ஆளாளுக்குத் தங்கள் ப்ராஜெக்ட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விசிறி நின்றதாக டிக்கெட் வந்தால் அந்த நிமிஷமே போனைப் போட வேண்டும். சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள் டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மதியழகன் மட்டும் வாசல் பக்கமாகப் போய், இன்றைக்கு வர வேண்டாம் என்று முதலாளிக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

தனப்பிரியா அதற்குள் தன் இடத்துக்குப் போயிருந்தாள். மைதிலி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவள் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஒரு புது டிக்கெட். கன்ட்ரோலர் தானாகவே அனுப்பியது. மயிலம்மாள் பண்ணை, எருமப்பட்டி. விசிறிகள் நின்றுவிட்டன. உள்ளே சூடு ஏறுகிறது.

மயிலம்மாள், தனப்பிரியாவின் மாமியார்.

அதற்குக் கீழேயே அதே பண்ணையின் பழைய டிக்கெட் ஒன்றும் கிடந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் விசிறிகள் தானாக ஓடுவதில்லை, கையால்தான் போட வேண்டியிருக்கிறது என்று மோகன்குமார் எப்போதோ கொடுத்த புகார். பேனலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று டெக்னீஷியன் கேட்டிருந்தார். போட்டோ வரவில்லை. போன் பண்ணச் சொல்லி தனப்பிரியாவுக்கு நினைவூட்டல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவள் அதைத் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

"நான் கூப்பிடவே இல்லைங்க நங்கையா" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மத்த எல்லாத்துக்கும் பண்ணுனேன். இதுக்கு மட்டும் பண்ணல."

 மோகன்குமாரின் எண்ணை மைதிலியே போட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. டெக்னீஷியன் துறையூர் ரோட்டில் வேறொரு பண்ணையில் இருந்தார், வந்து சேர அரை மணி ஆகும் என்றார். நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில், இந்த வெயிலில், விசிறி இல்லாமல் முட்டைக்கோழிகள் அரை மணி தாங்காது. அது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அத்தைகிட்ட ஒரு பட்டன் போன் இருக்குதுங்க" என்றாள் தனப்பிரியா. அவள் கை போனின் மேல் இருந்தது. எடுக்கவில்லை.

"கூப்பிடு. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக எடுத்தார்கள்.

"ஆருங்க?"

"அத்தை, நான் பிரியா."

 "ஏஞ்சாமி, நல்லா இருக்கறயா?" என்றது அந்தக் குரல்.

"அத்தை, அங்க கரண்ட் போச்சுங்களா?"

"இப்பத்தான் போச்சு. ஜெனரேட்டரு ஓடுதே, சத்தம் கேக்குது."

"ஜெனரேட்டர் ஓடுதுங்க, விசிறி ஓடலைங்க. கொட்டாய்க்குப் போங்க. போனை வெக்காதீங்க. ஓடுங்க."

மயிலம்மாளுக்கு முழங்கால் வலி. ஓட முடியாது என்று தனப்பிரியாவுக்குத் தெரியும். போனில் செருப்புச் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. நடந்துகொண்டே அந்த அம்மாள் திக்கித் திக்கிச் சொன்னாள். மோகன் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போனவன் எங்கே என்று சொல்லவில்லை. வேலைக்காரர் முட்டை லோடோடு நாமக்கல் போயிருக்கிறார். நான் மட்டும்தான் இருக்கிறேன்.

கதவு திறக்கிற சத்தம். உடனே, "ஐயோ, ஒரே அனலு" என்றாள் மயிலம்மாள்.

"கதவைத் தொறந்தே வுட்ருங்க. நேரா பெட்டிகிட்டப் போங்க. பச்சை லைட்டுக்குக் கீழ கறுப்பா ஒரு திருகு இருக்குதுங்களா?"

"இருக்குது."

"எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"இடது பக்கம்."

"வலது பக்கம் திருப்புங்க. திருப்பிட்டு, அதுக்குக் கீழ வரிசையா பட்டன் இருக்கும். ஒண்ணொண்ணா அமுக்குங்க. எல்லாத்தையும் ஒரே தடவையில அமுக்கீராதீங்க, ஜெனரேட்டர் நின்னுபோயிரும்."

 போனுக்குள் ஒரு உறுமல் எழுந்தது. அதன் மேல் இன்னொன்று. பிறகு இன்னொன்று. பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி விசிறியும் ஓடத் தொடங்கியபோது, தனப்பிரியா மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். போன் மட்டும் காதை விட்டு இறங்கவில்லை.

கடைசி வரிசைக் கூண்டுகளில் கொஞ்சம் கோழிகள் சாய்ந்துவிட்டன, மற்றதெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன, ஆனால் நிற்கின்றன என்றாள் மயிலம்மாள். காற்று வர வர உடம்பு குளிர்கிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு விஷயம் கேட்டாள்.

"காத்தால உன்ற பேர்ல அவனுக்கு மெசேஜு மேல மெசேஜு வந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சுப் போனான். அப்படி என்ன சாமி எழுதுன?"

தனப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மைதிலிக்குப் புரிந்தது. டிக்கெட்டைத் திறந்து, மூடும்போது போன வாசகத்தைத் திரையில் கொண்டுவந்தாள்.

'தங்களிடமிருந்து பதில் எதுவும் வராததால் இத்துடன் முடித்துக்கொள்கிறோம். இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி. தனப்பிரியா, எருமப்பட்டி.'

வெறும் கம்பெனி பெயரில் போனால் பண்ணைக்காரர்கள் மதிக்க மாட்டார்கள், பொறுப்பாளர் பெயரில் போகட்டும் என்று அந்த வரியைச் சேர்த்தது மைதிலிதான். அதே வாசகம், அதே பெயரோடு, திரும்பத் திரும்ப மோகன்குமாருக்குப் போயிருந்தது. ஒரு புருஷன் அதை எப்படிப் படித்திருப்பான் என்று அவள் இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

"பிரியா" என்றாள். அந்த வரியை விரலால் காட்டினாள்.

அப்போதுதான் ரிசப்ஷனிலிருந்து அழைப்பு வந்தது. எருமப்பட்டியிலிருந்து ஒரு கஸ்டமர் வந்திருக்கிறார். தன் புகாரை மூடினவர்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

மோகன்குமார் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை என்று ரிசப்ஷன் பெண் மைதிலியிடம் மெதுவாகச் சொன்னாள். சவரம் செய்து நாளாகியிருந்தது. சட்டையில் தீவனத் தூசி. மாமனார் வீட்டு வாசல் ஏற வெட்கப்பட்டவன், ஒரு கஸ்டமராக ஆபீசுக்கு வந்திருந்தான்.

மைதிலி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். தனப்பிரியா மட்டும் இறங்கிப் போனாள்.

"பதில் வரலைன்னு முடிச்சிட்டதா வந்துச்சு" என்றான் அவன். "பதில் சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்."

"மொதல்ல போனைப் போடுங்க. கொட்டாய்ல கரண்ட் போயி விசிறி நின்னுபோச்சு. அத்தைதான் போட்டாங்க. கடைசி வரிசையில கொஞ்சம் போயிருச்சு, மத்தது தப்பிச்சிருச்சு."

அவன் முகம் வெளுத்தது. மெசேஜ் வந்துகொண்டே இருந்ததால் போனை அணைத்துப் போட்டிருந்தான். சட்டைப் பையில் அதைத் தேடிக்கொண்டே கிளம்புவதற்குத் திரும்பினான். பிறகு என்ன நினைத்தானோ, நின்றான்.

"அந்த மெசேஜ்..."

"நான் அனுப்பலைங்க. பேரு என்னுதுதான். அனுப்புனது கம்ப்யூட்டர்."

"அப்ப நீ முடிக்கலையா?"

"முடிக்கல. ஆனா கூப்பிடவும் இல்ல. கூப்பிட்டிருக்கணும்."

மோகன்குமார் தரையைப் பார்த்தான். தன் கம்பெனியில் எத்தனையோ கஸ்டமர்களை மைதிலி பார்த்திருக்கிறாள், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இவ்வளவு சிரமப்பட்ட ஆளைப் பார்த்ததில்லை.

"போட்டோ அன்னிக்கே எடுத்துட்டேன்" என்றான். "அனுப்பல. அனுப்புனா ஆள் வந்து சரி பண்ணீட்டுப் போயிருவாங்க. அப்பறம் நீ கூப்பிடறதுக்கு ஒண்ணும் இருக்காது."

தனப்பிரியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள், ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் ஓடிப்போய்க் கையால் விசிறியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான், அவள் போனுக்காக. அவளுக்கு அழுகை வருவதற்குப் பதிலாகக் கோபம் வந்தது.

"அதை ஒரு வார்த்தையாச் சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வரலை. கோழி போச்சு, அத்தைக்கு மூச்சு போயிருக்கும்."

அவன் தலையாட்டினான்.

"தலையாட்டாதீங்க, சொல்லுங்க."

"தப்புத்தான்" என்றான் மோகன்குமார். "நீ கெளம்பறேன்னு சொன்னப்ப, போகாதன்னு சொல்லியிருக்கோணும்."

ரிசப்ஷனில் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. தனப்பிரியா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, படிக்கட்டில் நின்ற மைதிலியின் கையில் கொண்டுவந்து வைத்தாள். அத்தை அங்கே தனியாக அனலில் நிற்கிறார்கள், நான் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நானும் வாரேன். ஆனா எருமப்பட்டி போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க பேசிக்கிட்டே வரோணும். பாதியில நிறுத்துனீங்கன்னா நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல எறங்கிக்குவேன்."

கார் வளாகத்தைத் தாண்டி ரோட்டில் திரும்பும் வரை மைதிலி பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததால், அவன் பேசுகிறானா இல்லையா என்று தெரியவில்லை.

மேலே வந்தபோது மதியழகன் காத்திருந்தார். முதலாளிக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும், எருமப்பட்டியின் பழைய ரூல்தான் இத்தனைக்கும் காரணம் என்று எழுதிவிடலாம், அது உண்மையும்கூட என்றார். அந்தப் பெண் சேர்ந்து சில மாதம்தானே ஆகிறது, பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டார்கள் என்றார்.

"தனித்தனியா ரெண்டு ரூலும் சரியாத்தானுங்க சார் இருந்துச்சு. சேர்த்து ஓட விட்டது நான். அப்படித்தான் எழுதுவேன்" என்றாள் மைதிலி.

அப்படி எழுதினால் உனக்குத்தான் சிக்கல் என்று அவர் எச்சரித்தார். அவளுக்கும் தெரியும். இனிமேல் எல்லா ஊருக்கும் பொதுவானது எதுவோ அதை மட்டும் பொது ரூலில் வைப்பேன், டிக்கெட்டை மூடுகிற வேலையை அந்தந்த ஊர் ஆளிடமே விட்டுவிடுவேன், போடும்போதும் நாலைந்து ஊராகத்தான் போடுவேன் என்றாள். முதலாளி ஒத்துக்கொண்டால் பார்க்கலாம் என்றார் மதியழகன். எருமப்பட்டி இருக்கை காலியாக இருக்கிறது, சாயங்காலம் வரை நீங்கள்தான் உட்கார வேண்டும் என்று அவள் சொன்னதும், அவர் மறுக்க வழியில்லாமல் போய் உட்கார்ந்தார்.

அவள் தன் இடத்தில் உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது. மாமனார் சின்னண்ணன். ஆபீஸ் நேரத்தில் அவர் அவளைக் கூப்பிட்டதே கிடையாது.

காரிலிருந்து மகன் கூப்பிட்டுப் பேசியதும், மயிலம்மாள் காளியாத்தாளுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். கோழி பிழைத்ததையும், மருமகள் கூப்பிட்டதையும், மகனும் மருமகளும் ஒன்றாகக் கிளம்பிவிட்டார்கள் என்பதையும்.

"மாப்பளை வந்தாராமா?" என்றார் சின்னண்ணன்.

"வந்தாருங்க மாமா."

"நம்ம ஊட்டுக்கு வரல. உங்க ஆபீசுக்கு வந்திருக்காரு."

"ஆமாங்க."

"அவ அப்படியே கார்ல ஏறிப் போயிட்டா."

"நான்தானுங்க மாமா போன் பண்ணச் சொன்னேன். போகும்போதும் தடுக்கல. சொல்றதா இருந்தா என்னைச் சொல்லுங்க."

 பின்னால் காளியாத்தாள் ஏதோ சொல்ல, அவர் அதட்டி அடக்கினார்.

"சாயங்காலம் புதுச்சத்திரத்துல எறங்காத" என்றார். "நேரா நாமக்கல் வந்துரு. நானும் உங்க அத்தையும் பஸ் ஸ்டாண்டுல நிக்கறோம். ஜெகதீசு காரை எடுத்துக்கிட்டு வாரான். எல்லாரும் எருமப்பட்டி போறோம்."

"எதுக்குங்க மாமா?" என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறாரா, விட்டுவிட்டு வரப் போகிறாரா என்று அவர் சொல்லவில்லை. மைதிலி திரும்பக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை.